பாதை 16 கி.மீ., பாதையே இல்லாமல் 5 கி.மீ.: 12 பேருடன் ஒரு கோடை நெடுநடை, கருத்து சொல்லுங்கள்

#1 நெடுநடை

வணக்கம். வர்ற கோடையில ஒரே நாள்ல முடிக்கிற மாதிரி ஒரு மலைநடைக்குத் திட்டம் போட்டிருக்கேன். அனுபவம் உள்ளவங்க பாத்துச் சொல்லணும்.

வழி இதுதான். அடிவாரத்துல இருந்து முதல் உச்சிக்கு நல்ல பாதை, 8 கி.மீ., ஏற்றம் 1000 மீட்டர். அங்கிருந்து இரண்டாவது உச்சிக்குப் பாதை கிடையாது. 2 கி.மீ. இறங்கி ஒரு கணவாய்க்கு வரணும், பிறகு முகட்டோடயே 3 கி.மீ. ஏறணும், அது 300 மீட்டர் ஏற்றம். முழுக்க மரமும் புதரும். இரண்டாவது உச்சியில இருந்து மறுபடி நல்ல பாதை, 8 கி.மீ. இறங்கினா வேற ஒரு அடிவாரம். வண்டிகளை முன்னாடியே அங்க கொண்டுபோய் நிறுத்திடுவோம். பாதையை விட்டு விலகி நடக்க எழுத்துல அனுமதி வாங்கியாச்சு.

மொத்தம் 12 பேர். நாலு பேர் என்னோட பல தடவை நடந்தவங்க. மத்தவங்க பாதையில நல்லா நடப்பாங்க, ஆனா பாதை இல்லாத காட்டுல ஒருத்தரும் கால் வச்சதில்லை. நானே ரெண்டு தடவைதான், அதுவும் ஒரு கிலோமீட்டருக்குள்ள.

நேரக் கணக்கு: மணிக்கு 5 கி.மீ., அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். கிட்டத்தட்ட ஆறரை மணி நேரம் வருது. ஓய்வுக்கு ஒன்றரை. காலை 7-க்குக் கிளம்பினா மதியம் 3-க்கு வண்டிகிட்ட இருப்போம். சரியா இருக்கா?

இந்த ரெண்டு உச்சியையும் ஒரே நாள்ல இணைக்கணும்னு நாலு வருஷமா ஆசை. அதனால கொஞ்சம் கறாராவே சொல்லுங்க.

#2 திசைமானி

நீங்கள் போட்டிருப்பது நைஸ்மித் விதி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் எழுதிவைத்தது. மூன்று மைலுக்கு ஒரு மணி, 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஆனால் அது நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர், சாதாரண நிலத்தில், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. புதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 12 பேர் கொண்ட குழுவுக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் திட்டத்தில் பாதை உள்ள 16 கி.மீ.க்கு அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 5 கி.மீ.யை வெட்டி எடுத்துத் தனியாகக் கணக்குப் போடுங்கள். இரண்டும் ஒரே நாளில் வருகின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு உறவு எதுவும் இல்லை.

#3 முள்வேலி

திசைமானி சொல்றது சரி. நான் எண்ணைச் சொல்றேன். அடர்ந்த புதர்னா மணிக்கு ஒரு கிலோமீட்டர். விழுந்த மரம் குறுக்கும் நெடுக்குமா கிடந்தா அதுவும் கிடையாது. உங்க 5 கி.மீ.க்கு 5 மணி நேரம்னு எழுதுங்க. பாதைக்கு மூணேகால் மணி, முதல் ஏற்றத்துக்கு ஒண்ணேமுக்கால், ஆக 5. மொத்தம் 10. ஓய்வு 2. பன்னிரண்டு மணி நேர நடை இது, எட்டு இல்ல. காலை 7-க்குக் கிளம்பினா ராத்திரி 7. ஒருத்தருக்குக் கால் பிசகினா இருட்டிடும்.

5-க்குக் கிளம்புங்க. எல்லார்கிட்டயும் தலைவிளக்கு இருக்கணும். போன் வெளிச்சத்தை நம்பாதீங்க, அந்த போன்தான் உங்க மேப்பும் கூட.

#4 ஓணான்

மணிக்கு ஒரு கிலோமீட்டரா? நாங்க மூணு பேர் போனப்ப 4 கி.மீ. புதரை ரெண்டரை மணி நேரத்துல தாண்டியிருக்கோம். ரொம்பப் பயமுறுத்தாதீங்க அக்கா.

#5 முள்வேலி

மூணு பேர், தம்பி. அதான் விஷயமே. விழுந்த மரத்தை ஒருத்தர் தாண்ட அரை நிமிஷம்னு வைங்க. 12 பேர் தாண்ட 6 நிமிஷம். தாண்டினவர் பின்னாடி உள்ளவருக்காக நிக்கணும். அந்த மாதிரி 20 மரம் கிடந்தா அதுக்கே 2 மணி நேரம் போச்சு. இதுல யாரும் மெதுவா நடக்கல, எல்லாரும் நல்லாத்தான் நடக்கிறாங்க. கூட்டம்ங்கிறதாலயே போற நேரம் இது.

#6 கடைசிஆள்

எங்க குழுவுல எப்பவும் நான்தான் கடைசியா நடப்பேன், பெயரும் அதனால வந்தது. வரிசையோட வால்ல இருந்து பாக்கிறவனா சில விஷயம் சொல்றேன்.

பாதையில 12 பேர் அரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறினாலும் பரவால்ல. பிரியுற இடத்துல நின்னு காத்திருந்தா போதும், பாதையே மத்ததைப் பாத்துக்கும். புதருக்குள்ள அப்படி இல்ல. முன்னாடி போறவர் முதுகு மறைஞ்ச கணமே நீங்க தனியாள். 20 மீட்டர் தள்ளி நிக்கிறவரைக்கூடப் பாக்க முடியாது. சத்தமும் எந்தப் பக்கம்னு தெரியாது.

அதனால பாதையை விட்டு விலகுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் எண் கொடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னாடி இருந்து எண் சொல்லிக்கிட்டே வரணும், பன்னிரண்டு வரைக்கும் கேக்கணும். குழந்தைங்க பள்ளிச் சுற்றுலா மாதிரி இருக்கேன்னு சில பேர் முகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும்.

அடுத்து ஒண்ணுக்குப் போறது. கூச்சப்படாம எழுதுறேன், ஏன்னா நாங்க ஒருத்தரைத் தொலைச்சது இப்படித்தான். பாதையில ஒதுங்குறவங்க பையைப் பாதை ஓரத்துல வச்சிட்டுப் போகணும். கடைசியா வர்றவன் பையைப் பாத்தா நிப்பான். புதருக்குள்ள அது உதவாது. பின்னாடி இருக்கிறவர்கிட்ட சொல்லணும், மொத்தக் குழுவும் நிக்கணும். எங்க ஆள் யார்கிட்டயும் சொல்லாம பத்து அடி ஒதுங்கினார். நாங்க எண்ணிப் பாத்தது முக்கால் மணி நேரம் கழிச்சு. அவர் எங்களைத் தேடிக் கீழ இறங்கியிருக்கார், நாங்க அவரைத் தேடி மேல ஏறியிருக்கோம். நாலு மணி நேரம் ஆச்சு. விசில் இருந்ததால கிடைச்சார். அந்த நாலு மணி நேரம் இன்னைக்கும் எனக்கு மறக்கல.

#7 திசைமானி

விசில் என்று வந்ததால் ஒரு குறிப்பு. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வழங்கும் முறை இது: உதவி வேண்டுபவர் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் இடைவெளி விட வேண்டும், மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். சில நாடுகளில் மூன்று முறை ஊதுவதே அபாயக் குறி. எனவே உங்கள் குழுவுக்குள் எது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவெடுங்கள். தொலைந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே: இருக்கும் இடத்திலேயே இருந்து ஊதுவது. இருவருமே தேடி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே நண்பர் சொல்லிவிட்டார்.

இப்போது வழிக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது அந்த 2 கி.மீ. இறக்கம்தான். ஏற்றம் இல்லை.

மலையில் ஏறும்போது எல்லா முகடுகளும் ஒன்றாகிக்கொண்டே வந்து உச்சியில் சேரும். கொஞ்சம் தவறினாலும் மேலே போகப் போக மலையே உங்களைத் திருத்திவிடும். இறங்கும்போது நேர் எதிர். ஒரே முகடு இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மீண்டும் பிரியும். உச்சியருகே பத்தடி விலகல் கீழே வேறொரு பள்ளத்தாக்கு. போதாக்குறைக்குக் கால் தானாகவே சுலபமான பக்கம் இழுக்கும், புதர் குறைவான பக்கம் திரும்பும். அது சரியான பக்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

மேப்பில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளைப் பாருங்கள். முதல் உச்சிக்கும் கணவாய்க்கும் நடுவே முகடு எத்தனை இடத்தில் பிரிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

#8 நெடுநடை

எல்லாருக்கும் நன்றி. 12 மணி நேரம்னு பாத்ததும் வயித்துல புளி கரைஞ்ச மாதிரி ஆயிடுச்சு, ஆனா கணக்கு சரியாத்தான் இருக்கு.

எண்ணிப் பாத்தேன். ஒரே ஒரு பெரிய பிரிவு. உச்சியில இருந்து சுமார் 700 மீட்டர்ல முகடு ரெண்டாகுது. எங்க வழி இடது கிளை, கிழக்கு வடகிழக்கு. வலது கிளை தென்கிழக்கா போய் ஒரு ஓடையில முடியுது. கோடுகளைப் பாத்தா வலது கிளைதான் அகலம்.

போன்ல ஜிபிஎஸ் இருக்கு, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்குவேன். அது போதாதா? காம்பஸ் கட்டாயமா?

#9 திசைமானி

வலது கிளை அகலம் என்றால் எல்லாரும் வலது பக்கம்தான் போவார்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப் மட்டும் இறக்கப்பட்டிருக்க வேண்டும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் கிடைக்காத டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். ஆனால் புதருக்குள் ஒரு கையால் கிளையை விலக்கிக்கொண்டு இன்னொரு கையில் திரையைப் பார்த்து நடக்க முடியாது. பார்ப்பதற்காக நிற்பீர்கள். நிற்கச் சோம்பல் பட்டுப் பார்க்காமல் விடுவீர்கள். தவறு நடப்பது அந்த இடைவெளியில்தான். காம்பஸ் கழுத்திலேயே தொங்கும், குனிந்தால் திசை தெரியும்.

ஒரு டிகிரி தவறினால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் விலகுவீர்கள். அது ஒன்றுமில்லை. ஆனால் காம்பஸ் காட்டும் காந்த வடக்குக்கும் மேப்பின் வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க மறந்தால், 10 டிகிரி வேறுபாடு உள்ள இடத்தில் கிலோமீட்டருக்கு 175 மீட்டர். உங்கள் மேப்பின் ஓரத்தில் அந்த வேறுபாடு போட்டிருக்கும், எந்த ஆண்டுக் கணக்கு என்பதும் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு அது மாறும் என்பதால் பழைய மேப்பில் கவனம் தேவை.

#10 கடைசிஆள்

ரெண்டாவது காம்பஸைக் கடைசி ஆள்கிட்ட கொடுங்க. முன்னாடி போறவர் ஒவ்வொரு புதரையும் சுத்தி வளைஞ்சு போறதால அவருக்குத் திசை மாறுறது தெரியாது. வால்ல இருக்கிறவனுக்கு முன்னாடி உள்ள அஞ்சாறு பேரோட வரிசையே ஒரு கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டுல காம்பஸைப் பிடிச்சுப் பாத்தா குழு எந்தப் பக்கம் சாயுதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

#11 புல்வெளி

எல்லாரும் குழுவின் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், காட்டைப் பற்றியும் பேச வேண்டும். 24 பாதங்கள் ஒரே தடத்தில் போனால் மென்மையான இடத்தில் ஒரே நாளில் பாதை உண்டாகிவிடும். அடுத்து வருபவர் அதைப் பார்த்து நடப்பார். பாதை உள்ள இடத்தில் சேறு இருந்தாலும் நடுவிலேயே நடக்க வேண்டும், ஓரம் போனால் பாதை அகலமாகும். பாதை இல்லாத இடத்தில் அதற்கு மாறாகப் பரவலாக நடக்க வேண்டும். பாறை, காய்ந்த புல், சருகு இருக்கும் இடமாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். பாசியையும் ஈர மண்ணையும் தவிர்க்க வேண்டும்.

மரத்தில் வெட்டி அடையாளம் வைப்பது, வண்ண ரிப்பன் கட்டிவிட்டு வருவது, இரண்டும் வேண்டாம். கிளையை ஒடிக்காதீர்கள், வளைத்து விலக்குங்கள்.

#12 முள்வேலி

புல்வெளி, பரவி நடக்கிறதுல எனக்கு ஒரு தயக்கம் இருக்கு. திறந்த புல்வெளியில நீங்க சொல்றதுதான் முறை. ஆனா இது அடர் காடு. புதுசா வர்ற ஏழு பேரைப் பக்கவாட்டுல பரப்பி விட்டா, யார் எங்கன்னு பத்து நிமிஷத்துல தெரியாம போயிடும். ஒருத்தரைத் தொலைச்சுட்டு நாற்பது பேர் தேட வந்தா காடு இன்னும் மோசமா மிதிபடும்.

#13 புல்வெளி

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஆட்களைக் குறையுங்கள். 12 பேர் பாதைக்குச் சரி, அந்த 5 கி.மீ.க்கு அதிகம். மீதிப் பேர் முதல் உச்சி வரை வந்து பார்த்துவிட்டு வந்த பாதையிலேயே இறங்கட்டுமே? அதுவே 16 கி.மீ., குறைந்த நடை இல்லை.

#14 முள்வேலி

இது நல்ல யோசனை, எனக்குத் தோணல. அதோட சேர்த்து இன்னொண்ணு. நெடுநடை, வண்டி எல்லாத்தையும் ரெண்டாவது அடிவாரத்துல நிறுத்துறதா எழுதியிருக்கீங்க. அதை மாத்துங்க. முதல் அடிவாரத்துலயும் வண்டி நிக்கணும்.

எதுக்குச் சொல்றேன்னா, நான் இதுவரைக்கும் பாத்த தப்பான முடிவுகள்ல பாதி, வண்டி முன்னாடி நின்னதால எடுத்த முடிவு. குழு தளர்ந்திருக்கும், நேரம் ஆயிருக்கும், திரும்பினா நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். "திரும்பிப் போய் என்ன செய்ய, வண்டி அந்தப் பக்கம்ல நிக்குது?"ன்னு ஒருத்தர் கேட்பார். அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சிடும், எல்லாரும் முன்னாடி நடப்பாங்க. திரும்புறதுக்கு வண்டி, தண்ணி, வெளிச்சம் மூணும் தயாரா இருந்தாத்தான் திரும்பலாமான்னு பேசவே முடியும். இல்லாட்டி அது வெறும் வாய்வார்த்தை.

கணவாயில ஒரு நேரம் வைங்க. இந்த மணிக்குள்ள கணவாய்க்கு வரலன்னா திரும்புறோம்னு. அதை முதல் நாளே 12 பேருக்கும் சொல்லுங்க. களைச்சுப் போன மூளையை வச்சு அங்க போய் முடிவெடுக்கக் கூடாது.

#15 பனிக்குடம்

நான் செவிலியர், நடையும் பிடிக்கும். வெயிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

புதருக்குள் காற்று வராது. கீறலுக்கும் உண்ணிக்கும் பயந்து முழுக்கை, முழுக்கால் சட்டை போட்டே ஆக வேண்டும், அது இன்னும் சூடு. பாதையில் வேர்ப்பதைவிட அங்கே அதிகம் வேர்க்கும். மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் 12 மணி நேரத்துக்கு 6 லிட்டர். யாராலும் அதைச் சுமக்க முடியாது. எனவே நடுவில் எங்கே தண்ணீர் நிரப்பப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மேப்பில் கணவாய்ப் பக்கம் ஓடை இருந்தால் அது முழுக் கோடா, விட்டு விட்டுப் போட்ட கோடா என்று பாருங்கள். விட்டு விட்டு இருந்தால் அது பருவகால ஓடை. கோடையில் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது நிலைமையை மோசமாக்கும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், உப்புள்ள ஏதாவது கூடவே சாப்பிடுங்கள்.

வெயில் களைப்பா, வெயில் அதிர்ச்சியா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தலைசுற்றல், குமட்டல், கடும் வேர்வை, ஆனால் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறார் என்றால் களைப்பு. நிழல், ஓய்வு, தண்ணீர். பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார் என்றால் காத்திருக்கவே கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். வேர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், உழைப்பால் வரும் வெயில் அதிர்ச்சியில் வேர்வை நிற்காமலும் இருக்கும். உடம்பை நனைத்து விசிற வேண்டும், உதவிக்கு அழைக்க வேண்டும்.

கண்ணுக்கு நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி. முன்னால் போகிறவர் விட்ட கிளை பின்னால் வருபவர் கண்ணில் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். மூன்று மீட்டர் இடைவெளி விட்டு நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

#16 நெடுநடை

ஓடை விட்டு விட்டுத்தான் போட்டிருக்கு. நான் அதை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தேன். முதல் உச்சிக்கு ஒன்றரை கி.மீ. கீழ பாதையிலயே ஒரு ஊற்று இருக்கு, அது கோடையிலயும் வத்தாதுன்னு போன வருஷம் பாத்தேன். அங்க எல்லாரும் மூணரை லிட்டர் நிரப்பிக்கணும்னு வைக்கிறேன்.

முடிவு: 12 பேர் முதல் உச்சி வரை. 4 பேர் அங்கிருந்து திரும்புறாங்க. 8 பேர் கடக்கிறோம். ரெண்டு பக்கமும் வண்டி. காலை 5-க்குக் கிளம்புறோம். கணவாய்க்கு 12:30. எத்தனை மணிக்குள்ள என் அழைப்பு வரலன்னா யாருக்குச் சொல்லணும்னு எழுதி வீட்டுல கொடுத்துட்டுப் போறேன்.

போயிட்டு வந்து எழுதுறேன்.

#17 நெடுநடை

வந்துட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம். ஆனா கடக்கல.

நடந்ததை அப்படியே எழுதுறேன். 5 மணிக்குக் கிளம்பினோம், 9:20-க்கு முதல் உச்சி. நாலு பேர் கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு இறங்கினாங்க. நாங்க எட்டு பேர் 9:50-க்குப் பாதையை விட்டோம். முதல் அரை மணி நேரம் ஒரே உற்சாகம். இடுப்பளவு புதர், ஆனா வெளிச்சம் இருந்தது, பேசிக்கிட்டே போனோம். அந்தப் பேச்சுதான் எங்களைத் தவறவிட்டதுன்னு இப்ப தோணுது. பிரிவு எப்ப வந்ததுன்னே எனக்குத் தெரியல. தரை அகலமா, நடக்கச் சுகமா இருந்தது. திசைமானி எழுதி வைக்கச் சொன்னார், நான் எழுதியும் வச்சேன், சட்டைப் பையில அந்தத் தாள் இருந்தது. அப்பவும் வலது பக்கம்தான் போனேன்.

11 மணிக்கு வால்ல இருந்து குரல் வந்தது. கடைசி ஆள் காம்பஸைப் பிடிச்சுப் பாத்திருக்கார், 70 டிகிரி இருக்க வேண்டிய இடத்துல 120 காட்டுது. ஜிபிஎஸ் எடுத்துப் பாத்தா தென்கிழக்குக் கிளையில 90 மீட்டர் இறங்கியாச்சு. பக்கவாட்டுல குறுக்கே போய் சரியான முகட்டைப் பிடிக்கலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நடுவுல இருந்த சரிவைப் பாத்தேன், செங்குத்து, உதிர்ற கல். வேண்டாம்னு வந்த வழியே ஏறினோம். பிரிவுக்குத் திரும்ப 11:40.

அதுக்கப்புறம் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நின்னு பாத்துத்தான் நடந்தோம். விழுந்த மரங்கள் அங்கதான் ஆரம்பிச்சது. கணவாய் வந்தப்ப 12:50.

ஓடை காய்ஞ்சு கிடந்தது. கல்லுக்கடியில ஈரம்கூட இல்லை.

20 நிமிஷம்தான் தாமதம். எல்லார் முகத்தையும் பாத்தேன், போகலாம்னுதான் இருந்தது. எனக்கும் ஆசை. எதிர்ல அந்த முகடு தெளிவா மேல ஏறிப் போகுது, பாக்க அவ்வளவு அழகு. பாட்டிலை எல்லாம் வெளிய எடுத்துத் தரையில வைங்கன்னு சொன்னேன். கேட்டா எல்லாரும் "இருக்கு, இருக்கு"ன்னுதான் சொல்வாங்க, அதனால கண்ணால பாக்கணும்னு தோணுச்சு. நாலு பேர்கிட்ட ரெண்டு லிட்டருக்கு மேல. ஒருத்தர்கிட்ட 600 மில்லி.

முன்னாடி 3 கி.மீ. புதர் ஏற்றம், பிறகு 8 கி.மீ. இறக்கம், வழியில தண்ணி இருக்கான்னு நான் பாத்ததில்லை. பின்னாடி 350 மீட்டர் ஏற்றம், எங்க தடம் ஜிபிஎஸ்ல இருக்கு, உச்சிக்குக் கீழ ஊற்று. திரும்பினோம். 1:20-க்குக் கிளம்பி 3:30-க்கு உச்சி. ஊற்றுல முகம் கழுவினப்ப யாரும் பேசல. 6:30-க்கு வண்டிகிட்ட.

#18 ஓணான்

வருத்தமா இருக்குங்க. ஆனா ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் இருந்தது. நாலு பேர்கிட்ட ரெண்டு லிட்டருக்கு மேல தண்ணி. பங்கு போட்டிருந்தா 600 மில்லிக்காரருக்கும் போதுமே? 20 நிமிஷத்துக்காக நாலு வருஷ ஆசையை விடணுமா? நானா இருந்தா போயிருப்பேன்.

#19 முதல்முறை

நான் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. 600 மில்லி என்னுடையதுதான். இதை எழுதுவதற்காகவே இங்கே கணக்குத் தொடங்கினேன்.

ஊற்றில் நான் மூன்றரை லிட்டர் நிரப்பவில்லை. இரண்டரைதான். பை கனமாக இருந்தால் பின்தங்கிவிடுவேன் என்று பயம். புதருக்குள் வேகம் என்னால் குறைகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று நிற்கும் ஒவ்வொரு முறையும் நிறையக் குடித்தேன், களைப்பு தெரியாமல் இருக்க. தவறான கிளையிலிருந்து திரும்ப ஏறும்போதே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. சொல்லவில்லை. பாட்டிலை வெளியே எடுங்கள் என்று அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் இரண்டாவது உச்சி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

பங்கு போட்டிருக்கலாம், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீர் மட்டும் குறைவாக இல்லை.

திரும்பி ஏறும்போது ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. இருவர் என் பையிலிருந்த சாமான்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

#20 பனிக்குடம்

தலைவலியோடு அந்த வெயிலில் இன்னும் மூன்று மணி நேரம் புதரில் ஏறியிருந்தால், பாதையே இல்லாத இடத்தில் உங்களைப் படுக்கவைக்க நேர்ந்திருக்கும். அங்கிருந்து ஒருவரைத் தூக்கி வருவது எட்டுப் பேரால் ஆகாது. முன்வந்து எழுதியதற்கு நன்றி, தங்கையே. இதைப் படிக்கும் எந்தக் குழுவும் இனிமேல் பாட்டிலைக் கண்ணால் பார்க்கும்.

#21 ஓணான்

படிச்சேன். என் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கிறேன். நெடுநடை முடிவு சரி. எங்க மூணு பேர் நடையில யார்கிட்ட எவ்வளவு தண்ணி இருந்ததுன்னு நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லை.

#22 கடைசிஆள்

அந்த 120 டிகிரியைப் பாத்துச் சொன்னவருக்கு என் வணக்கம். வால்ல இருக்கிறவன் குரல் கொடுக்கத் தயங்குவான், முன்னாடி போறவருக்குத் தெரியாதான்னு நினைப்பான். அவர் தயங்கல.

நெடுநடை, பிரிவுக்கு முன்னாடி 100 மீட்டர்லயே எல்லாரையும் நிறுத்தி, திசை பாத்து, அப்புறம்தான் ஒரு அடி எடுத்து வைக்கிறதுன்னு அடுத்த தடவை வைங்க. உச்சியில இருந்து தப்படி எண்ணிக்கிட்டு ஒருத்தர் வந்தா 600 மீட்டர் எப்ப வருதுன்னு தெரிஞ்சிடும். உயரம் காட்டுற கடிகாரம் இருந்தா இன்னும் நல்லது, உச்சியில வச்சு உயரத்தைச் சரிபண்ணிக்கோங்க. காற்றழுத்தத்தை வச்சுக் கணக்குப் போடுறதால வானிலை மாறினா பொய் சொல்லும்.

#23 நெடுநடை

ரெண்டு நாளா மேப்பையே பாத்துக்கிட்டிருக்கேன். ஒண்ணு தோணுது, திசைமானி பாத்துச் சொல்லுங்க.

எதிர்த்திசையில போனா என்ன? ரெண்டாவது உச்சியில ஆரம்பிச்சா கணவாய்க்கு இறங்குறது 3 கி.மீ., ஆனா அந்த முகடு ஒரு இடத்துலகூடப் பெரிசா பிரியல, ரெண்டு பக்கமும் செங்குத்தா இருக்கு, தவற வழியே இல்லை. கணவாய்ல இருந்து முதல் உச்சிக்கு ஏறுறப்ப எங்களைக் கெடுத்த அந்தப் பிரிவு, சேருற இடமா மாறிடுது. கடைசியா உச்சியைத் தாண்டின உடனே ஊற்று. களைச்சு வர்ற நேரத்துல தண்ணி முன்னாடி இருக்கும், பின்னாடி இல்ல. அந்தக் கடைசி 2 கி.மீ.ல எங்க தடமும் கையில இருக்கு.

வெயில் குறையட்டும்னு இருக்கேன். ஆனா நாளும் குறுகும்ல, அதனால ரொம்பத் தள்ளவும் முடியாது. இந்தத் தடவை ஆறு பேர். முதல்முறை முதல் ஆளா பேர் கொடுத்திருக்காங்க.

#24 திசைமானி

பார்த்தேன். சரியாகத்தான் யோசித்திருக்கிறீர்கள், இதை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும்: இரண்டாவது உச்சிக்கு ஏறும் 8 கி.மீ. பாதையில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குழுவைக் கூட்டிப் போகும் முன் அந்தப் பாதையை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள். அதுவும் ஒரு நல்ல நடைதான்.

#25 முள்வேலி

அந்தப் பாதை பாக்கிற நடைக்கு நானும் வர்றேன். கணவாய்க்கு இந்தத் தடவை எத்தனை மணின்னு வைக்கிறீங்க? அப்புறம், ரெண்டு பக்கமும் வண்டி.